ஆட்டுக்கார ஆச்சி



சென்ற இதழில் மின்சாரக் கட்டணத்தைப் பற்றி எழுதியிருந்தேன். அதை வாசித்துவிட்டு, இந்த நாட்டில் புதிதாகக் குடியேறிய ஒரு சகோதரி தொலைபேசி எடுத்தார். கட்டணம் பற்றித்தான் கேட்கப் போகிறார் என்று நினைத்தேன். அவர் கேட்டது வேறு.

"அக்கா, பிள்ளையின்ரை பார்ணஹாகவிலை ஒரு கடதாசி தந்து விட்டிருக்கினம். அதிலை 'உல்', 'உல்' எண்டு ஆறேழு இடத்திலை கிடக்கு. நான் நல்ல தடிப்பான ஜக்கற் வாங்கித்தானே போட்டு விடுறன்? இன்னும் என்ன வேணுமாம்?"

எனக்குச் சிரிப்பு வந்தது. பிறகு சிரித்ததற்கு வெட்கமாகவும் இருந்தது. அதே இடத்தில் நானும் ஒருநாள் அழுதுகொண்டு நின்றவள்தான். ஆகவே இந்த முறை கம்பளியைப் பற்றி எழுதுகிறேன். நோர்வேயில் 'உல்' என்றால் கம்பளி.

2014 ஆம் ஆண்டு. மகனுக்கு ஒரு வயது முடிந்து பார்ணஹாகவில் சேர்த்த முதல் இலையுதிர்காலம். நாங்கள் இருப்பது வடக்கே லொபோத்தன் தீவுகளில். நானும் அவரும் மீன் தொழிற்சாலையில் வேலை. எட்டு மணி வேலைக்கு ஏழரைக்கே பிள்ளையைக் கொண்டுபோய் விட்டுவிட்டு ஓட வேண்டும். இங்கே மழை, பனி என்று பாராமல் பிள்ளைகளை வெளியே விளையாட விடுவார்கள். சின்னப் பிள்ளைகளை வண்டிலில் படுக்க வைத்து வெளியிலேயே நித்திரையாக்குவார்கள். புதிதாக வந்தவர்களுக்கு இதைப் பார்க்க நெஞ்சு பதறும். எனக்கும் பதறியது. அதனாலேயே கடையில் இருந்ததில் மிகத் தடிப்பான ஜக்கற்றை வாங்கி, உள்ளே இரண்டு பருத்திச் சட்டை போட்டு அனுப்பினேன்.

ஒருநாள் பின்னேரம் கூட்டிவரப் போனபோது அங்கே வேலை செய்யும் பெண் மகனின் கழுத்துக்குள் இரண்டு விரலை விட்டுப் பார்த்தார். "குளிருது, ஈரமாயும் இருக்கு" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. ஆனால் எனக்கு அப்போது மொழி அரைகுறை. முகம்தான் பெரிதாகத் தெரிந்தது. நம்மவர்கள் சந்திக்கும் இடமெல்லாம் "பிள்ளையைச் சரியாப் பாக்காட்டில் கொண்டு போயிடுவினம்" என்ற கதைதானே முதலில் வரும். அன்றிரவு எனக்கு நித்திரையே இல்லை. பிள்ளையின் சட்டைகளை எல்லாம் கட்டிலில் பரப்பி வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். எல்லாம் சுத்தம், எல்லாம் புதிது. என்ன பிழை என்றுதான் விளங்கவில்லை.

பிழையை விளங்கப்படுத்தியவர் எங்கள் வீட்டுக்கு மேலே, மலையடிவாரத்தில் ஆடு வைத்திருக்கும் ஒரு வயோதிப மாது. இங்கே பெரியவர்களையும் பெயர் சொல்லித்தான் கூப்பிட வேண்டும். எனக்கு வாய் வரவில்லை. 'பெஸ்தமூர்' என்றேன். பேத்தி பேரன் கூப்பிடுகிற சொல் அது. அவர் கடகடவென்று சிரித்துவிட்டு அதை ஏற்றுக்கொண்டார். எங்கள் வீட்டில் அவருக்கு 'ஆட்டுக்கார ஆச்சி' என்று பெயர்.

அடுத்த நாள் காலை நான் வண்டிலைத் தள்ளிக்கொண்டு போகும்போது ஆச்சி வழியில் நின்றார். என் முகத்தைப் பார்த்து ஏதோ கேட்டார். நான் பிள்ளையின் கழுத்தைக் காட்டி, 'குளிர்' என்று மட்டும் சொன்னேன். ஆச்சியும் அதே மாதிரி இரண்டு விரலை உள்ளே விட்டார். பருத்திச் சட்டையைக் கிள்ளி இழுத்து, "இது கூடாது" என்று தலையை ஆட்டினார். பின்னேரம் ஒரு பையோடு வீட்டுக் கதவைத் தட்டினார். உள்ளே அவருடைய பேரப்பிள்ளைகள் போட்டுக் கழித்த கம்பளி உடுப்பு. மெல்லிய மேற்சட்டை, நீளக் காற்சட்டை, சொக்ஸ், குல்லா. முழங்கையில் வேறு நிற நூலால் தைத்த ஒட்டு. பழைய உடுப்பைத் தருகிறாரே என்று ஒரு கணம் மனம் சுருங்கியதை மறைக்கவில்லை. பிறகுதான் தெரிந்தது, இங்கே நல்ல கம்பளி உடுப்பு ஒரு பிள்ளையோடு முடிவதில்லை. நான்கைந்து பிள்ளைகள் கைமாறிப் போடுகிற பொருள் அது.

விஷயம் இதுதான். பருத்தி வியர்வையை உறிஞ்சி வைத்துக்கொண்டு தோலோடு ஒட்டும். மேலே எவ்வளவு தடிப்பான ஜக்கற் இருந்தாலும் அந்த ஈரம் உடம்பின் சூட்டை இழுத்துக்கொண்டே இருக்கும். நம்முடைய ஊரில் அது நல்லது. அதற்காகத்தானே பருத்தி உடுத்துகிறோம். கம்பளி தன் எடையில் கிட்டத்தட்ட 30 வீதம் ஈரத்தை உள்ளே வாங்கினாலும் தொட்டால் ஈரம் தெரியாது, நனைந்தாலும் ஓரளவு சூடு தரும். ஆகவே தோலோடு மெல்லிய கம்பளி, குளிர் கூடினால் அதன்மேல் இன்னொரு கம்பளி, எல்லாவற்றுக்கும் மேலே காற்றும் மழையும் புகாத உடுப்பு. ஜக்கற் கடைசியாகப் பார்க்க வேண்டிய விஷயம். தொலைபேசி எடுத்த சகோதரிக்கும் இதைத்தான் சொன்னேன். புதிதாக வாங்கக் கையில் காசு இல்லாவிட்டால் பிரெத்தெக்ஸ் போன்ற பழைய உடுப்புக் கடைக்குப் போங்கள். துண்டில் 'உல்' என்று இருக்கிறதா என்று பாருங்கள். வெட்கப்பட ஒன்றும் இல்லை, அங்கே நோர்வேக்காரரும் நிற்பார்கள்.

ஆனால் வாங்கினால் மட்டும் போதாது, கழுவவும் தெரிய வேண்டும். ஆச்சி தந்த உடுப்போடு ஒரு அழகான சுவெற்றரும் இருந்தது. மீன் வாசம் பட்டுவிட்டது என்று நான் அதை வேலை உடுப்புகளோடு சேர்த்து 60 பாகையில் மெசினில் போட்டேன். வெளியே எடுத்தபோது அது உள்ளங்கை அளவில், பலகை மாதிரி நின்றது. "இனி உதைப் பொம்மைக்குத்தான் போடலாம்" என்றார் என் கணவர். நான் அழுகிற நிலையில் ஆச்சியிடம் கொண்டுபோய்க் காட்டினேன்.

ஆச்சி சிரித்தார். பிறகு பரணில் இருந்து ஒரு சோடி கையுறையை எடுத்துவந்து காட்டினார். அவருடைய தகப்பன் மீன்பிடிக்கப் போட்டது. முதலில் கைக்குப் பெரிதாகப் பின்னி, பிறகு வேண்டுமென்றே நனைத்துத் தேய்த்துச் சுருக்கி எடுப்பார்களாம். கம்பளி இழையின் மேல் மீன் செதில் மாதிரிக் கண்ணுக்குத் தெரியாத செதில்கள் இருக்கின்றன. சூடும் ஈரமும் தேய்ப்பும் சேர்ந்தால் அவை ஒன்றோடொன்று கொளுவிப் பிறகு விடவே விடாது. நான் மெசினுக்குள் பிழையாகச் செய்ததை அந்தக் காலத்து மீனவர் வீட்டுப் பெண்கள் தேவைக்காகவே செய்திருக்கிறார்கள். கடல் தண்ணீர் பட்டாலும் கை விறைக்காது. சில இடங்களில் ஒரே கையுறைக்கு இரண்டு பெருவிரல் வைத்துப் பின்னுவார்களாம். ஒரு பக்கம் தேய்ந்தால் திருப்பிப் போடலாம் அல்லவா! தொழிற்சாலையில் பாதி விறைத்த கையோடு மீன் வெட்டுகிற எனக்கு அந்தக் கையுறையைக் கீழே வைக்க மனம் வரவில்லை.

ஆகவே, 30 பாகைக்கு மேல் போகாதீர்கள். கம்பளிக்கென்று விற்கிற சவர்க்காரத்தையே பாவியுங்கள். சாதாரணத் தூளில் கறை நீக்கப் போடும் சில பொருட்கள் கம்பளி இழையையே அரித்துவிடும். முறுக்கிப் பிழிய வேண்டாம். துவாயில் சுருட்டி அமத்தி எடுத்து, படுக்க வைத்துக் காய விடுங்கள். உண்மையில் அடிக்கடி கழுவவும் தேவையில்லை. இரவு வெளியே காற்றில் போட்டுவிட்டால் மணம் போய்விடும். என் அம்மாவுக்கு இதைத் தொலைபேசியில் சொன்னபோது, "தோய்க்காத உடுப்பைப் பிள்ளைக்குப் போடுறியோ?" என்று ஒரு மாதம் கேட்டுக்கொண்டிருந்தா.

அந்தச் சுருங்கிய சுவெற்றரால்தான் நான் ஆச்சி வீட்டுக்கு அடிக்கடி போகத் தொடங்கினேன்.

ஆச்சியிடம் அப்போது முப்பதுக்குக் கிட்டத் தாயாடுகள் இருந்தன. 'ஸ்பெல்சௌ' என்று கட்டை வால் ஆடு, இங்கத்தைப் பழைய இனம். நம்முடைய செம்மறிக்குக் கம்பளி கிடையாது, மயிர்தான். வன்னி வெயிலில் கம்பளி வளர்ந்தால் அது செத்துப்போகும். ஸ்பெல்சௌவுக்கு உடம்பில் இரண்டு படை. வெளியே நீளமான, மினுக்கமான மயிர், மழையை வழித்து விடும். உள்ளே குட்டையான மெத்தென்ற கம்பளி, சூடு பிடிக்கும். ஆக, பார்ணஹாகக் கடதாசியில் எழுதியிருந்ததை ஆடு பிறக்கும்போதே செய்து வைத்திருக்கிறது!

நான் சின்ன வயதில் ஆடு பார்த்தவள் என்று ஆச்சிக்குத் தெரிந்ததும் என்னை விருந்தாளியாக நடத்துவதை விட்டுவிட்டார். வாளியைத் தூக்கித் தந்தார். குளிர்காலம் முழுக்க ஆடுகள் கொட்டிலுக்குள். கோடையில் வெட்டிய புல்லைப் பெரிய உருளையாகச் சுருட்டி வெள்ளைப் பிளாஸ்ரிக் சுற்றி வயலில் அடுக்கி வைத்திருப்பார்கள், நீங்களும் பஸ்ஸில் போகும்போது கண்டிருப்பீர்கள். அதற்கு இவர்கள் பகிடியாக வைத்த பெயர் 'ட்ராக்டர் முட்டை'. சித்திரை, வைகாசியில் குட்டி. கோடை முழுவதும் தாயும் குட்டியும் மலையில் தாமாக மேயும். நோர்வே முழுவதும் சேர்த்து ஏறக்குறைய இருபது இலட்சம் ஆடும் குட்டியும் இப்படிக் கோடையில் காட்டிலும் மலையிலும் திரிகின்றனவாம். செப்ரெம்பரில் ஊரே சேர்ந்து மலை ஏறி இறக்கிக்கொண்டு வரும்.

இறக்கியதும் கம்பளி வெட்டு. மின்சாரக் கத்தரி ஓட ஓட, ஆட்டின் மேல் இருந்து ஒரு முழுக்கோட்டு கழன்று விழுவதுபோல் இருக்கும். இலையுதிர்காலக் கம்பளிதான் நல்லது. வசந்தத்தில் வெட்டுவது வைக்கோலும் ஊத்தையுமாய் இருக்கும். பெரும்பகுதியைத் தரம் பிரித்து வாங்கும் நிலையத்துக்கு ஆச்சி அனுப்பிவிடுவார். தோள்பட்டைப் பக்கத்து நல்ல கம்பளியில் கொஞ்சத்தைத் தனக்கென்று பிடித்து வைப்பார். அதைச் சூடு தண்ணீரில் அசைக்காமல் ஊற வைத்து எடுப்போம். அதில் ஒரு கொழுப்பு இருக்கிறது, லனோலின். கையில் பூசும் கிறீம்களில் போடுவது அதுதான். உப்புத் தண்ணீரிலும் ஐஸிலும் கிடந்து வெடித்திருந்த என் விரல்கள் அந்த ஒரு கிழமையில் ஆறியதை ஆச்சிதான் எனக்குக் காட்டினார்.

பிறகு கம்பிப் பல் வைத்த இரண்டு பலகைகளால் வாரி, ராட்டினத்தில் நூற்பது. பார்க்க என்னவோ இலகுவாகத்தான் இருக்கும். காலால் மிதிக்க வேண்டும், ஒரு கை பஞ்சை விட வேண்டும், மறு கை முறுக்கைப் பிடிக்க வேண்டும். என் முதல் நூல் ஒரு இடத்தில் தையல் நூல், அடுத்த இடத்தில் மரவள்ளிக்கிழங்கு. ஒற்றை இழையை வலப்பக்கம் முறுக்கினால், இரண்டு இழையைச் சேர்க்கும்போது இடப்பக்கம் முறுக்க வேண்டும். இல்லாவிட்டால் நூல் தானாகச் சுருண்டுகொண்டு அடம் பிடிக்கும். எங்கள் அம்மா பனையோலையில் கடகம் இழைப்பவ. ஓலையை எண்ணி எடுத்து எண்ணிப் போடுவதைப் பக்கத்தில் இருந்து பார்த்த கண், பின்னல் மாதிரியை எண்ணுவதற்கு உதவியது. பள்ளிக்கூடத்தில் கணக்கு வராதவள் நான். ஓ.எல். எழுதியதோடு படிப்பும் போய்விட்டது. ஆனால் 24 கண்ணிக்கு ஒரு பூ, கைக்கு எத்தனை பூ என்று இப்போது கேளுங்கள், சொல்கிறேன்.

செவ்வாய்க்கிழமை பின்னேரங்களில் ஊர் நூலகத்தில் 'ஸ்த்ரிக்க கபே' நடக்கும். ஸ்த்ரிக்க என்றால் பின்னுதல். ஆச்சி 2015 தை மாதம் என்னையும் கூட்டிப் போனார். பெரும்பாலும் வயது போன பெண்கள், இரண்டு மூன்று இளம் தாய்மார், ஒரு ஓய்வுபெற்ற கப்பல்காரர். கோப்பி, வாபல், மண்ணிறச் சீஸ். புதிதாக வந்தவர்களுக்கு நான் உறுதியாகச் சொல்கிறேன், மொழி படிக்க இதைவிட நல்ல இடம் இல்லை. வகுப்பில் ஆசிரியர் உங்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டு விடைக்குக் காத்திருப்பார், அப்போது தெரிந்த சொல்லும் மறந்து போகும். இங்கே எல்லாரும் தங்கள் கையைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். ஒரு வசனம் சொல்ல இரண்டு நிமிடம் எடுத்தாலும் ஒருவரும் அவதிப்படுத்த மாட்டார்கள். பேசாமல் இருந்தாலும் குறை இல்லை. கையில் வேலை இருக்கிறதே!

கதைகளும் அங்கேதான் கேட்டேன். சுவெற்றர்களிலும் கையுறைகளிலும் எட்டு இதழ் வைத்த ஒரு பூ கண்டிருப்பீர்கள். செல்பு என்ற ஊரில் 1857 இல் மாரித் எம்ஸ்தாத் என்ற பதின்ம வயதுப் பெண் கறுப்பு வெள்ளை இரண்டு நூலால் அந்தப் பூவைக் கையுறையில் பின்னியதில் இருந்துதான் அது பரவியது. பிறகு அந்த ஊர்ப் பெண்கள் கையுறை பின்னி விற்றே வீடு பார்த்திருக்கிறார்கள். இரண்டு நூலால் பின்னும்போது ஒரு நூல் எப்போதும் பின்னால் ஓடும். அதனால் உடுப்பு இரண்டு படையாகிச் சூடும் கூடும். அழகுக்கு மட்டும் வந்த பூ இல்லை அது. ஜேர்மன்காரர் பிடித்து வைத்திருந்த காலத்தில், 1942 இல், சிவப்புக் குல்லா போடத் தடை வந்ததையும் சொன்னார்கள். எதிர்ப்பைக் காட்டச் சனம் அதைப் போடத் தொடங்கியதுதான் காரணம். ஒரு குல்லாவுக்கும் தடையா என்று ஒரு இளம் தாய் வியந்தார். எனக்கு வியப்பாக இல்லை.

இனி ஒரு சொல்லைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

மூன்றாவதோ நான்காவதோ செவ்வாய்க்கிழமை. நான் பிள்ளைக்குக் கழுத்துத் துண்டு பின்னிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் இருந்தவர் எட்டிப் பார்த்து, "டு ஹார் மிஸ்தெத் என் மஸ்க" என்றார். நீ ஒரு கண்ணியைத் தவற விட்டுவிட்டாய் என்று அர்த்தம். அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். ஆனால் 'மிஸ்தெத்' என்ற அந்தச் சொல்லை நான் அதற்கு முதல் ஒரேயொரு இடத்தில்தான் கேட்டிருந்தேன். 2011 இல் இந்த நாட்டுக்கு வந்து, விசாரணை அறையில் இருந்தபோது. யார் யாரை இழந்தீர்கள் என்று கேட்டார்கள். மொழிபெயர்ப்பாளர் தமிழில் சொல்வதற்கு முன்பே அந்தச் சொல் இரண்டு மூன்று தடவை காதில் விழுந்திருந்தது. அப்பாவைச் சொன்னேன், தம்பியைச் சொன்னேன். 'மிஸ்தெத்' என்றால் செத்துப் போவது என்றுதான் நான்கு வருடமாக நினைத்திருந்தேன். நூல் கண்ணிக்கும் அதே சொல்லா?

என் கை நின்றுவிட்டது. ஆச்சி ஒன்றும் கேட்கவில்லை. பின்னலை என் கையில் இருந்து வாங்கி, கொக்கி ஊசியால் கீழே ஏழு வரிசையில் நின்ற கண்ணியைப் பிடித்து, ஏணிப்படி மாதிரி ஒவ்வொன்றாக ஏற்றி மேலே கொண்டுவந்து தந்தார். "கம்பளி நல்லது. பருத்தி நூல் எண்டால் சறுக்கிக் கீழ் வரை ஓடியிருக்கும். கம்பளி பிடிச்சுக் கொண்டு நிக்கும்" என்றார். அவ்வளவுதான். அன்று வீட்டுக்கு வந்து அவருக்குக் கூட இதைச் சொல்லவில்லை. இப்போதுதான் எழுதுகிறேன்.

2018 வசந்தத்தில் ஒரு தாயாடு மூன்று குட்டி போட்டது. பால் இரண்டுக்குத்தான் காணும். மூன்றாவதைத் தாய் முட்டித் தள்ளிவிட்டது. அப்படிப்பட்ட குட்டியை 'கொப்லம்' என்பார்கள், போத்தல் பால் கொடுத்து மனிதர்தான் வளர்க்க வேண்டும். மகனுக்கு அப்போது ஐந்து வயது. பள்ளிக்கூடம் போவதுபோல் ஒழுங்காகக் காலையும் மாலையும் போய்ப் பால் கொடுத்தான். குட்டி அவனைக் கண்டால் வேலியில் வந்து நிற்கும். சாம்பல் நிறம், ஒரு காது வெள்ளை. கிடாய்க் குட்டி.

கிடாய் என்று எனக்கு முதல் நாளே தெரியும். தெரிந்தும் நான் சொல்லவில்லை.

ஆடு வளர்த்த வீட்டில் பிறந்தவர்களுக்கு விளங்கும். பெட்டைக் குட்டி நின்றுவிடும், கிடாய் இலையுதிர்காலத்தில் இறைச்சிக்குப் போகும். நம்முடைய வீட்டிலும் அதுதான் நடந்தது, நானும் சின்ன வயதில் அழுதுவிட்டுப் பிறகு கறியும் சாப்பிட்டவள்தான். எனக்கு உறுத்தியது வேறு. 2008 இல் கிளிநொச்சிப் பக்கம் இருந்து தருமபுரத்துக்கு இடம்பெயர்ந்தபோது எங்களிடம் ஏழு ஆடு. லான்ட்மாஸ்ரரில் சாமானுக்கே இடம் இல்லை. அப்பா கயிறுகளை அவிழ்த்து விட்டுவிட்டு, "தப்பிற வழியைப் பாருங்கோ" என்று ஆடுகளிடம் சொன்னார். அவை எங்கள் பின்னால் சந்தி வரைக்கும் வந்தன. ஆடு மாடு வைத்திருந்த எல்லாருமே அப்படித்தான் அவிழ்த்து விட்டார்கள், இதில் புதினம் ஒன்றும் இல்லை. ஆனாலும் மகனிடம் குட்டியைப் பற்றிச் சொல்ல வாய் எடுக்கும் போதெல்லாம் எனக்கு அந்தச் சந்திதான் ஞாபகம் வந்தது.

செப்ரெம்பரில் ஆடு இறக்க நானும் வேலையில் லீவு எடுத்துக்கொண்டு போனேன். இறக்கிய ஆடுகளை ஆச்சி படலையில் நின்று ஒவ்வொன்றாக எண்ணி உள்ளே விட்டார். காதில் இலக்கம் இருக்கிறது, இப்போதெல்லாம் கழுத்தில் இடம் காட்டும் கருவியும் சிலதுக்குக் கட்டுகிறார்கள். ஆனாலும் ஆச்சி கையால் தொட்டுத்தான் எண்ணுவார். இரண்டு குறைந்தது. பாறையில் விழுந்திருக்கும் என்றார்கள். ஆச்சி இருட்டும் வரை வாசலிலேயே நின்றார். முப்பது ஆட்டுக்காரி இரண்டு ஆட்டுக்காக.

மகனுக்குச் சொன்னது கடைசியில் ஆச்சிதான். நான் பக்கத்தில் நின்றேன். சுற்றி வளைக்கவில்லை. "இவன் கிடாய். புதன்கிழமை லொறி வரும். அதுக்கு முதல் நானும் நீயும் இவன்ரை கம்பளியை வெட்டுவம்" என்றார். மகன் ஏன் என்று கேட்டான். குளிர்காலத்துக்கு எத்தனை ஆட்டுக்குப் புல் இருக்கிறது என்று ஆச்சி அவனைக் களஞ்சியத்துக்குக் கூட்டிப் போய்க் காட்டினார். அவன் அழுதான். ஆச்சி தடுக்கவில்லை, சொக்கிலேற்றும் கொடுக்கவில்லை. எனக்கு அது முதலில் கல்நெஞ்சமாகத்தான் பட்டது. ஐந்து வயதுப் பிள்ளைக்கு இது தேவையா என்று அன்றிரவு கணவரோடு வாக்குவாதப்பட்டேன். அவர், "உமக்கும் ஆரும் அப்பிடிச் சொல்லியிருந்தால் நல்லது எண்டு நினைக்கிறீரோ, இல்லையோ?" என்று கேட்டார். நான் பதில் சொல்லவில்லை.

புதன்கிழமை மகன் லொறி வரை போனான்.

முதல் வெட்டுக் குட்டிக் கம்பளிதான் எல்லாவற்றிலும் மெல்லிது. கழுவி வாரி எடுத்தபோது அரைக்கிலோகூட வரவில்லை. அதை நானே நூற்றேன். சாயம் போடவில்லை, ஆட்டின் சாம்பல் நிறமே நிறம். மகனுக்கு ஒரு சோடி கையுறை பின்னினேன், கைக்கட்டில் மட்டும் வெள்ளை நூலால் ஒரு வரிசை செல்பு பூ. கார்த்திகையில் இருந்து அதைத்தான் போட்டுக்கொண்டு திரிந்தான். ஆருக்கும் தொடக் கொடுக்க மாட்டான்.

மாசி மாதம் ஒருநாள் பள்ளியால் ஒற்றைக் கையுறையோடு வந்தான். வாசலில் நின்று என் முகத்தைப் பார்க்காமல், நோர்வே மொழியில் சொன்னான், "அம்மா, யாய் ஹார் மிஸ்தெத் வொத்தன்." வொத்தன் என்றால் கையுறை. மற்றச் சொல் உங்களுக்குத் தெரியும்.

எத்தனை மாதம் வாரி, நூற்றுப் பின்னியது! ஏசத்தான் வாய் வந்தது. அவன் நின்ற நிலையைப் பார்த்துவிட்டு, மிச்ச நூல் இருக்கிறதா என்று பெட்டியைத் திறந்தேன். இருந்தது. இரண்டு பின்னேரத்தில் இன்னொன்றைப் பின்னிக் கொடுத்தேன். முறுக்குக் கொஞ்சம் வித்தியாசம், பெருவிரல் சற்று நீளம். அவன் கவனிக்கவில்லை, அல்லது கவனித்தும் சொல்லவில்லை.

இங்கே ஒரு பழக்கம் இருக்கிறது. வழியில் பிள்ளைகளின் கையுறையோ குல்லாவோ கிடந்தால் எடுப்பவர் அதைப் பக்கத்து வேலிக்கட்டையில் மாட்டி விட்டுப் போவார். வைகாசியில் பனி உருகிய பிறகு, பள்ளி வழியில், ஒரு வேலிக்கட்டையின் மேல் அந்தச் சாம்பல் கையுறை நின்றது. மண்ணும் சருகுமாய்க் கிடந்தது. கொண்டுவந்து இளம்சூட்டுத் தண்ணீரில் கழுவினேன், பிழியவில்லை, துவாயில் சுருட்டிப் படுக்க வைத்தேன். பழுதாகவில்லை. இப்போது எங்கள் வீட்டில் அந்த நூலில் மூன்று கையுறை இருக்கிறது. இரண்டைப் பிறகு மகள் போட்டுக்கொண்டு திரிந்தாள். அலுமாரியில் கிடக்கும் மற்றது, முதலில் பின்னியதா, பிறகு பின்னியதா என்று கேட்டால் எனக்கே இப்போது மட்டுக்கட்டத் தெரியவில்லை.

ஆச்சி போன வருடம் ஆடுகளை மகனிடம் ஒப்படைத்துவிட்டார். நான்கை மட்டும் தனக்கு வைத்துக்கொண்டிருக்கிறார். செவ்வாய்க்கிழமை தவறாமல் வருகிறார். தொலைபேசி எடுத்த சகோதரி இருக்கும் ஊர் நூலகத்திலும் பின்னல் கூட்டம் நடக்கிறதாம், விசாரித்துச் சொன்னேன். ஊசி நான்காம் இலக்கம், நூல் இரண்டு உருண்டை, கழுத்துத் துண்டுக்கு அது போதும்.

அடுத்த இதழில், பல் வைத்தியர் செலவு பற்றி.